காலம், களம், வரி: சுருளிப்பட்டி வட்டாரத்தின் விழாக் கணக்கு

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில் சுருளிப்பட்டி ஒரு வழி ஊர். குளிக்கப் போகிறவர்கள் பேருந்து ஜன்னலில் இருந்தபடி பந்தலில் தொங்கும் கறுப்புத் திராட்சையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள். 2023 மே மாதக் கடைசியில் மட்டும் இந்த வட்டாரத்தின் பெயர் தமிழ், மலையாளத் தொலைக்காட்சிகளில் நாள் முழுக்க ஓடியது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்து, பிறகு சுருளிப்பட்டிப் பக்கம் ஒதுங்கியது. கம்பத்தில் 144 தடை உத்தரவு போட்டார்கள். அருவியை மூடினார்கள். ஜூன் 5 அன்று சின்னஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி போட்டு யானையைப் பிடித்து லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனபிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

கூட்டம் கூடாதே என்று அரசு கேட்டுக்கொண்ட அந்த நாட்களை நினைக்கும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. இந்த ஊர்கள் எதற்காகவெல்லாம் கூடுகின்றன? எப்போது, எங்கே, யார் செலவில்?

நகரத்தின் கலை நிகழ்ச்சிகளை ஆராய்கிறவருக்கு வேலை ஓரளவு எளிது. சபா இருக்கும், அரங்கம் இருக்கும், டிக்கெட் கணக்கு இருக்கும், மறுநாள் செய்தித்தாளில் விமர்சனமும் இருக்கும். சுருளிப்பட்டி போன்ற ஊரில் இவை எதுவும் கிடையாது. ஆனாலும் கூத்தும் பாட்டும் பந்தயமும் இல்லாத ஆண்டு ஒன்றுகூட அங்கே கழிவதில்லை. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும்: காலம், களம், வரி. காலத்தைத் தண்ணீர் நிர்ணயிக்கிறது. களத்தை மலையும் மந்தையும் தருகின்றன. வரியை ஊர் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறது. இந்த மூன்றில் எது தளர்ந்தாலும் கலை தளரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலம்: தண்ணீர் எழுதிய நாட்காட்டி

1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் முல்லைப் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண் ஆண்டு அணையின் மதகிலிருந்து தொடங்குகிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. முதல் போகம் ஐப்பசி வாக்கில் முடியும். இரண்டாம் போகம் மாசி, பங்குனியில் களத்துமேட்டுக்கு வரும். அதற்குப் பிறகு அடுத்த ஜூன் வரை வயல் ஓய்வெடுக்கும்.

அந்த ஓய்வு மாதங்களில்தான் பள்ளத்தாக்கின் பெரிய விழாக்கள் வரிசையாக வருகின்றன. கம்பம் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. அதே சித்திரையின் பௌர்ணமியில் எல்லை மலையில் கண்ணகி வழிபாடு. மாதக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாள் பெருந்திருவிழா. இதைப் பக்தியின் ஏற்பாடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் நெல் விற்ற காசு இருக்கும். வயலில் வேலை இருக்காது. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் தெரியும். வானம் வெறித்துக் கிடப்பதால் இரவு முழுக்கத் திறந்தவெளியில் உட்காரலாம். மாரியம்மனுக்கு மழை வேண்டிப் பொங்கல் வைப்பதும் இந்த இடைவெளியில்தான். விழா முடிந்து கொஞ்ச நாளில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே வீசத் தொடங்கும். மதகு திறக்கும். ஊர் மறுபடி சேற்றில் இறங்கும்.

இந்த நாட்காட்டியை இப்போது திராட்சை மாற்றி எழுதுகிறது. சுருளிப்பட்டியும் சுற்றுவட்டாரமும் பன்னீர் திராட்சைக்குப் பேர்போனவை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற இடங்களில் பருவத்துக்குத்தான் காய்க்கும் கொடி, இந்தப் பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தில் கவாத்துக்குக் கட்டுப்பட்டு எந்த மாதமும் காய்க்கும். ஒருவர் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்தவர் தோட்டத்தில் மருந்தடிப்பு நடக்கும். மூன்றாமவர் தோட்டத்தில் பழம் வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நெல்லுக்கு ஊர் முழுக்க ஒரே ஓய்வு. திராட்சைக்கு ஆளுக்கொரு ஓய்வு. வருமானம் கூடியிருக்கலாம், ஆனால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கைகட்டி உட்காரும் மாதம் இல்லாமல் போகிறது. வயலில் நிரந்தரப் பந்தல் வந்தபின், விழாப் பந்தலுக்குக் கிடைக்கும் நாள் சுருங்குகிறது.

களம்: மலை, மந்தை, ரோடு

பள்ளத்தாக்கின் பல ஊர்களில் திருவிழாவின் முதல் காட்சி அந்த ஊரில் நடப்பதில்லை, சுருளியில் நடக்கிறது. கொடியேற்றத்துக்கோ குடமுழுக்குக்கோ முன் இளைஞர்கள் குடம் தூக்கிச் சுருளிக்கு வந்து தீர்த்தம் எடுத்துத் திரும்புவார்கள். மேளம் முன்னே போகும். குடத்தின் வாயில் வேப்பிலையும் தேங்காயும் இருக்கும். அந்த ஊர்வலம் சுருளிப்பட்டி வழியாகத்தான் போகும். ஆக, சுருளிப்பட்டிக்காரர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவோடு பிற ஊர்த் திருவிழாக்களின் தொடக்கத்தையும் திண்ணையில் இருந்தே பார்த்துவிடுகிறார்கள்.

சுருளி ஒரு சுற்றுலா அருவி மட்டும் இல்லை. சுருளி வேலப்பர், பூதநாராயணர் கோயில்களும் கைலாசநாதர் குகையும் கொண்ட தீர்த்தத் தலம். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூடும். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருகிறவர்கள் கீழே கடைவீதியில் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். துக்கத்தையும் கேளிக்கையையும் இத்தனை பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இடம் நம் ஊர்த் தீர்த்தக்கரைதான்.

இந்தக் களத்துக்கு இப்போது வேறொரு எல்லைக்கோடும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அருவிக்குப் போகும் பாதை வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூடுவார்கள். யானைக் கூட்டம் இறங்கினாலும் மூடுவார்கள். தீர்த்தம் எடுக்க நாள் குறிக்கும் ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு வனத்துறையின் அறிவிப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணகி கோயிலின் நிலை இன்னும் இறுக்கமானது. வண்ணாத்திப்பாறை மலையில் மங்கலதேவி என்று வழங்கும் சிதைந்த கோயிலை, சிலப்பதிகார வழித்தடத்தைத் தேடிக் கால்நடையாக அலைந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் கண்ணகி கோட்டமாக அடையாளம் காட்டினார். ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும், பக்தர்களுக்கு அனுமதி. குமுளி வழியாக ஜீப்பில் போகலாம். கூடலூர் பளியன்குடி வழியாக மலைப்பாதையில் நடந்தும் ஏறலாம். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி நேரமும் வழியும் வகுக்கின்றன. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு காப்பியத்தின் தலைவி, இரண்டு மாநிலங்களின் ஆவணங்களுக்கு நடுவே வருடத்தில் ஒரு பகல்பொழுது மட்டும் தன் மக்களைப் பார்க்கிறாள்.

பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் களம் தாராளமாக விரிகிறது. வீரபாண்டியில் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே கம்பம் நடுகிறார்கள். மூன்று கிளையாகப் பிரியும் மரக்கம்பத்தை இறைவனாகப் பாவித்து, முல்லையாற்றில் முங்கி எழுந்த ஈரத்தோடு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். திருவிழா நாட்களில் தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, உடம்பெல்லாம் சேறு பூசிய வேடம் என்று நேர்த்திக்கடன்கள் ஆற்றங்கரையை நிறைக்கும். கண்ணொளி இழந்த பாண்டியன் இங்கே பார்வை பெற்றான் என்பது தலத்தின் கதை. அதனால் கண் நோய்க்கு நேர்ந்துகொள்கிறவர்கள் இன்றும் அதிகம். கோயிலைச் சுற்றி ராட்டினமும் மரணக்கிணறும் வளையல் கடையும் இரவு பகலாக ஓடும். ராட்டினத் திடலை ஏலம் விடுவதே ஆண்டுதோறும் மாவட்டச் செய்தியாகிறது. தேரும் தீச்சட்டியும் ஒரு பக்கம், ராட்டினம் மறுபக்கம் என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் பழக்கம். நேர்ந்துகொண்டு வந்த குடும்பத்துக்கு இரண்டும் ஒரே பயணம்.

மாட்டுக்கும் இங்கே தனிக் களங்கள் உண்டு. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. வீட்டில் கன்னடம் பேசும் ஒக்கலிகர் சமூகத்தின் பொறுப்பில் உள்ள இந்தத் தொழுவில் மாட்டுப்பொங்கலன்று பட்டத்துக்காளையைக் கும்பிடப் பல சமூகத்தாரும் வரிசையில் நிற்பார்கள். பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு. 2014 மே 7 தீர்ப்பால் நின்று, 2017-இல் மெரினாவிலும் மதுரையிலும் மாணவர்கள் திரண்டபின் சட்டத் திருத்தத்தால் மீண்டு, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வின் ஒப்புதலைப் பெற்ற வரலாறு இவ்வூர்களுக்கும் உரியது.

ஆனால் பள்ளத்தாக்கின் அன்றாடப் பித்து மாட்டு வண்டிப் பந்தயம்தான். அதன் பிரிவுப் பெயர்களைக் கேட்டாலே ஒரு வட்டாரத்தின் பார்வைக் கூர்மை புரியும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு. மாட்டின் அளவையும் வயதையும் வைத்துப் பிரித்து, சிறியவற்றுக்குக் குருவியின் பெயரும் பூச்சியின் பெயரும் வைத்திருக்கிறார்கள். காலையில் தார்ரோட்டை மறித்துவிட்டு வண்டிகள் பறக்கும். சாரதியின் பெயரைவிட மாட்டுக்காரரின் ஊர்ப் பெயர் மைக்கில் ஓங்கி ஒலிக்கும். ஜெயித்தது எந்த ஊர் என்பதுதான் டீக்கடையில் பேச்சு.

பந்தய மாடு ஊரில் வளரும். மலைமாட்டுக்குக் காடு வேண்டும். தேனி மாவட்டத்து மலைமாட்டுக் கிடைகள் மேற்கு மலைச்சரிவில் மேய்ந்து, அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு எரு தரும் வழக்கம் கொண்டவை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் மேய்ச்சலைத் தடுத்தபின் கிடைமாட்டுக்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் காட்டுக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறார்கள். காட்டு விலங்குக்கும் வாழ இடம் வேண்டும் என்பதை அரிக்கொம்பன் காட்டிவிட்டுப் போனது. தொழுவுக்கு நேர்ந்துவிடும் கன்றும் எங்கேயாவது மேய வேண்டும் என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

வரி: நோட்டீஸில் இருக்கும் சமூகவியல்

ஊர்த் திருவிழாவின் பொருளாதாரம் தலைக்கட்டு வரியில் நிற்கிறது. கல்யாணமாகித் தனிக் குடித்தனம் வந்த ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. விழாக் கமிட்டி கூடிச் செலவைக் கணக்கிட்டுத் தலைக்கட்டால் வகுத்து வரி போடும். திருப்பூரில் வேலை பார்ப்பவரும், கேரளத்து ஏலத்தோட்டத்தில் இருப்பவரும், துபாயில் இருப்பவரும் வரியை அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் பணம் குறைவதைவிடப் பேர் விட்டுப்போவது பெரிய இழப்பு.

வரிக்கு மறுபக்கமும் உண்டு. வரி கொடுக்கிறவருக்கே மாலையும் மரியாதையும் முதல் வரிசையும். யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்காமல் விடுவது என்பதில் சாதி தன் முகத்தைக் காட்டும். வரி வாங்க மறுக்கப்பட்டவர்கள், நாங்களும் இந்த ஊர்தான் என்று நிறுவ நீதிமன்றப் படி ஏறிய வழக்குகள் தமிழகத்தில் உண்டு. பறை அடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்திவிட்டு, அடித்தவரைக் கோயில் வாசலிலேயே நிறுத்திய ஊர்களும் உண்டு. இன்று அதே தப்பு கல்லூரி மேடையில் கலையாகக் கைத்தட்டு வாங்குகிறது. கைத்தட்டியவர்கள் ஊரில் வரி நோட்டைத் திறக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் உண்மையான சோதனை.

பெண்களுக்கென்று இந்த ஏற்பாட்டில் இருக்கும் தனிப் பகுதி முளைப்பாரி. நவதானியத்தை மண் பாத்திரத்தில் விதைத்து, வெயில் படாத அறையில் விரதத்தோடு வளர்த்து, இரவில் சுற்றிவந்து கும்மி கொட்டி, கடைசி நாள் தலையில் சுமந்து நீர்நிலையில் கரைப்பார்கள். மேடையும் மைக்கும் சம்பளமும் கிடையாது. பாட்டு ஒரு தலைமுறையின் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் காதுக்குப் போகும். பள்ளத்தாக்கின் கலைகளில் வரிப் பணத்தை மிகக் குறைவாகத் தொட்டு, ஊர்ப் பெண்களை மிக அதிகமாகச் சேர்ப்பது இதுதான்.

வரிப் பணத்தில் பெரும்பகுதி பந்தல், மேளம், வாணவேடிக்கை, மைக்செட், பிறகு இரவு நிகழ்ச்சிக்குப் போகும். அந்த இரவு நிகழ்ச்சி மதுரை வட்டாரம் முழுக்கப் பல தலைமுறையாக ஸ்பெஷல் நாடகமாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியும் தொகுத்தும் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா போன்ற நாடகங்கள்தான் அதன் முதல். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். பாலர் கம்பெனிகள் சினிமாவில் கரைந்தபிறகும், கம்பெனி இல்லாத இந்த நாடக முறை கிராமத்துத் திருவிழாவைப் பிடித்துக்கொண்டு உயிர் தரித்தது.

அதன் அமைப்பு விசித்திரமானது. இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஒவ்வொரு கலைஞரையும் ஏஜென்ட் வழியாகத் தனித்தனியே பேசி ‘ஸ்பெஷலாக’ அழைப்பார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் அன்றைய குழு ஒன்று சேரும். ஆனாலும் நாடகம் தடுமாறாது. கதை எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் நின்று வாதாடும் திறமைதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். தினைப்புனத்தில் பரண்மேல் நிற்கும் வள்ளியும் வந்து வம்பிழுக்கும் நாரதரும் விடியவிடியத் தர்க்கம் செய்வதைக் கேட்கும் கூட்டத்தில், பன்றிக்கும் யானைக்கும் பயந்து தன் தோட்டத்தில் இரவுக் காவல் இருந்தவர்களும் உண்டு. பள்ளத்தாக்குக்காரருக்கு வள்ளி புராணப் பாத்திரமாக மட்டும் தெரிய நியாயமில்லை.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர் இந்தக் கலைஞர்களோடு பழகி எழுதிய ஆங்கில நூல் 2005-இல் வெளிவந்தது. மேடையில் ஆடும் பெண்ணின்மீது சமூகம் சுமத்தும் களங்கத்தைப் பற்றிய அந்த ஆய்வில், நாடக நோட்டீஸ்களுக்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறார். யார் பெயர் மேலே, யார் படம் பெரிதாக என்பதில் கலைஞர்களின் தகுதி வரிசை அச்சாகியிருக்கிறது என்று கண்டார். நம் ஊர்த் திருவிழா நோட்டீஸுக்கும் இது பொருந்தும். மண்டகப்படிக்காரர் யார், அன்னதானம் யார் உபயம், நாடகம் யார் செலவு, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று ஓர் ஊரின் சமூகவியல் முழுக்க அந்த மஞ்சள் தாளில் இருக்கிறது.

குரல்: மலையேறிய ஆர்மோனியம்

இந்தப் பள்ளத்தாக்கு வெளியுலகுக்குக் கொடுத்த பெரிய குரலும் அரங்கத்தில் பிறக்கவில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் பாடியவர். மேடை பெரும்பாலும் தெருமுனைதான். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த அந்தத் தொகுதியில் அவர் பாடிய பாட்டுகள் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றிக்குத் துணைநின்றன. தம்பி இளையராஜா 14 வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் ஊர் ஊராகப் போனார். பின்னாளில் கங்கை அமரனும் பாஸ்கரும் சேர்ந்த அந்தக் குழு பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் அறியப்பட்டது.

மலையேறிப் போகும் கூலிக்கும் கீழிறங்கி வரும் பாட்டுக்கும் ஒரே பாதை. பள்ளத்தாக்குக்காரர்கள் ஏலத்தோட்டத்துக்கு நடந்த அந்தப் பாதையைத்தான் லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்தில் காட்டினார். அதற்கு இசை இளையராஜா என்பது தற்செயல் ஆகாது. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தமிழ்நாடு புதிதாகக் கேட்ட ஒலி, இந்த வட்டாரத்து வயலிலும் திருவிழாவிலும் கட்சி மேடையிலும் பல வருடம் பழுத்தது. அல்லிநகரத்துப் பாரதிராஜாவையும் வடுகபட்டி வைரமுத்துவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மாவட்டத்து மூவர் தமிழ் சினிமாவின் காதையும் கண்ணையும் சொல்லையும் மாற்றியது புரியும். இவர்களை மேதைகள் என்று கொண்டாடுகிறோம், தகும். அந்த மேதைமைக்கு முதல் பயிற்சிக்கூடமாக இருந்த மைக்செட்டையும் முச்சந்தியையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

இரவு 10 மணி

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும். விதியில் குறை காண இடமில்லை. ஆனால் ஸ்பெஷல் நாடகத்தின் நேரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மணி வாக்கில் பபூன் மேடையேறுவார். பபூனும் டான்ஸும் சேர்ந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்து முடிக்க நள்ளிரவாகும். அதற்குப் பிறகே கதை. விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால், சலுகை முடியும் நிமிஷத்தில்தான் வள்ளி மேடைக்கு வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆடல் பாடல் நிகழ்ச்சி உள்ளே நுழைந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆடும் இந்த மேடை சாயங்காலம் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். போலீஸ் அனுமதி மறுத்தால் கமிட்டிக்காரர்கள் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போவார்கள். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். வள்ளி தோற்றதற்கு ரசனைச் சரிவை மட்டும் காரணம் சொல்வது எளிது. கடிகாரமும் ஒரு காரணம். ஓய்வு மாதத்தைத் திராட்சை எடுத்துக்கொண்டது. ஓய்வு இரவை விதி எடுத்துக்கொண்டது. மிச்சம் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு எது பொருந்துமோ அதற்கு ஊர் வரி கொடுக்கிறது.

அரசு மேடையும் ஊர் மேடையும்

சுருளியில் மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து சாரல் விழா நடத்தியிருக்கின்றன. கரகம், ஒயில், சிலம்பம், பள்ளிப் பிள்ளைகளின் நடனம், துறைகளின் கண்காட்சி அரங்குகள் என்று இது பயணிகளை மனத்தில் வைத்த மேடை. சென்னையில் பொங்கலையொட்டி நடக்கும் சங்கமம் விழாவும் இதே இனம். அளவு மட்டும் பெரிது. இவற்றால் கலைஞருக்கு ஒரு நாள் ஊதியமும் ஓர் அடையாளமும் கிடைக்கின்றன. வேண்டியவைதான். ஆனால் பங்குனி முதல் ஆடி வரை இரவுக்கொரு ஊராகக் கலைஞரின் அடுப்பை எரியவைப்பது தலைக்கட்டு வரிதான். அரசு மேடையில் கரகக்காரர் பத்து நிமிஷக் காட்சிப்பொருள். ஊர் மேடையில் இரவு முழுக்க அவரிடம் சண்டைபோட, கிண்டல் செய்ய, மாலையில் நூறு ரூபாய்த் தாளைக் குத்தத் தெரிந்த ரசிகர் இருப்பார்.

ஊர் உண்டாக்கியதை அரசு பின்தொடர்ந்த நல்ல உதாரணமும் இதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. பாலார்பட்டி விவசாயிகள் அந்த நாளில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைத்துக் கொண்டாடத் தொடங்கினார்கள். தைப்பொங்கல் சூரியனுக்கு, மாட்டுப்பொங்கல் மாட்டுக்கு, இது தண்ணீர் தந்த மனிதருக்கு. மதமும் சாதியும் கேட்காத, யாருடைய மண்டகப்படியிலும் அடங்காத விழா. 2013-இல் அதே ஜனவரி 15 அன்று லோயர் கேம்பில் அரசு கட்டிய பென்னிகுவிக் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஒரு பள்ளத்தாக்கு தன் நாட்காட்டியைத் தானே திருத்தி எழுத முடியும், அதுவும் நன்றியின் பேரில், என்பதற்கு இந்தப் புதுப்பொங்கல் சாட்சி.

அப்படித் திருத்தத் தெரிந்த ஊர்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கலாம். நாடகத்தை மாலை ஏழு மணிக்கே தொடங்கி, பபூன் பகுதியைச் சுருக்கி, வள்ளியையும் நாரதரையும் நள்ளிரவுக்குள் மோதவிடும் வடிவத்தைக் கலைஞர்களோடு பேசி உருவாக்குங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. வரி நோட்டில் ஊரின் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு வரி இருக்கட்டும். மூன்றாவது மிகச் சிறிய காரியம். திருவிழா முடிந்ததும் சுவரிலேயே மழையில் ஊறிக் கிழியும் நோட்டீஸில் ஒரு பிரதியை மட்டும் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள், ஆண்டு எழுதி. எந்த வருடம் எந்த ராஜபார்ட் வந்தார், எந்தத் தெரு எப்போது மண்டகப்படியில் சேர்ந்தது, நாடகம் எந்த ஆண்டில் ஆடல் பாடலாக மாறியது என்பதற்கெல்லாம் வேறு ஆவணம் கிடையாது. ஓர் ஊரின் கலை வரலாறு ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளை எடுத்து வைப்பதற்கு வரி எதுவும் போடவேண்டியதில்லை.